குச்சனூர் சாலையில் தவசியின் செம்பு

சின்னமனூர் நெல் மண்டித் தெருவில் தவசியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் நடந்து பார்த்தவர்கள்தான் கிடையாது. வீட்டிலிருந்து மண்டி ஒரு கூப்பிடு தூரம். அதற்கும் வில்வண்டி பூட்டித்தான் போவார். மாடுகள் உடம்பை உதறிக்கொண்டு புறப்படுவதற்குள் மண்டி வந்துவிடும். வண்டிக்காரன் சுருளியாண்டி குதித்து இறங்கி, முக்காலியைக் கீழே போட்டு, முதலாளியின் கையைப் பிடித்து இறக்குவான். பிறகு அவர் திண்டில் சாய்ந்தாரானால், பசித்தால்தான் அசைவார்.

பிறவியிலேயே அவர் அப்படியில்லை. இளவட்டத்தில் போடி மெட்டுக்கு அரிசி ஏற்றியவர். மலைமேல் ஏலத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இங்கிருந்துதான் அரிசி போகும். கழுதைகளின் முதுகில் ஒரு பங்கு, தவசியின் தலையில் ஒரு பங்கு. வளைவுக்கு வளைவு கழுதைகள் நின்று மூச்சு வாங்கும். தவசி நின்று அவற்றைத் திட்டுவார். அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு மரியாதையும் இருந்ததில்லை. பெண் கேட்டுப் போன இடத்தில், "மாப்பிள்ளை நல்லா நடப்பாரு" என்று பெருமையாகச் சொன்னார்கள். "அப்ப வண்டி இல்லையாக்கும்" என்று பெண் வீட்டார் வெற்றிலைத் தட்டை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள்.

பிறகு ஒரு சின்னக் கடை வந்தது, மண்டி வந்தது, கஸ்தூரியம்மாள் வந்தாள், வண்டியும் மாடும் வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் காலுக்கு ஒரு வேலை குறைந்தது. பஜாரின் சட்டம் அப்படி. கால் என்பது வண்டி இல்லாதவனுக்குக் கடவுள் கொடுத்தது. தவசிக்கு வயிறு வளர வளர, நெல் விளைவிக்கிற சம்சாரிகளுக்கு அவர்மேல் நம்பிக்கையும் வளர்ந்தது. "இந்த ஆளு எங்க ஓடப் போறாரு?" என்று நெல்லைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஓட முடியாத வியாபாரியிடம் விளைச்சலை ஒப்படைப்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் அடி உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் விழுந்தது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள். தவசி மட்டும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பாயசத்துக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து ஒருவன் பாயசம் ஊற்றினான். அதையும் குடித்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். கடைசியில்தான் விஷயம் தெரிந்தது: அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நான்கு பேர் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். "மூட்டை தூக்குறவுகளைக் கூப்பிட்டா ஒரே ஆளு போதுமேப்பா" என்றது பந்தலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. மகள் பூமாரியை வடுகபட்டிப் பூண்டு வியாபாரி வேலுச்சாமியின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தகப்பன் மணையில் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிடலாம், அதற்குக் கஷ்டமில்லை. இரண்டு ஊர்ச் சனமும் பார்த்திருக்க, எழுந்திருக்கவும் வேண்டுமே?

முதலில் உள்ளூர் வைத்தியர் லேகியம் கொடுத்தார். இனிப்பாக இருந்ததால் அதைப் பலகாரத்தில் சேர்த்துக்கொண்டார். அடுத்து மதராஸிலிருந்து டானிக் வந்தது. சீசாவின்மேல் ஒரு பயில்வான் காளை மாட்டைத் தோளில் சுமந்து நின்றான். சீசா காலியான பிறகும் பயில்வான் அப்படியே நின்றான். தவசியும் அப்படியே இருந்தார். பிறகு மதுரையிலிருந்து, இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நேரே இழுக்கிற ஸ்பிரிங் ஒன்றை வரவழைத்தார். எல்லா வேலைக்கும் ஆள் வைத்திருந்தவர், இதற்கும் ஆள் வைத்தார். காலையில் அவர் நாற்காலியில் சாய்ந்துகொள்ள, சுருளியாண்டி எதிரே நின்று இழுத்தான்.

"ஏலே, நல்லா இழுடா. காசு குடுத்து வாங்குனது."

ஒரு மாதம் போயிற்று. சுருளியாண்டியின் நெஞ்சு கதவுப் பலகை மாதிரி அகன்றது.

"மாசம் ஆச்சு, ஒண்ணும் தெரியலையேடா" என்று குறைப்பட்டார் தவசி.

"எனக்கு நல்லாத் தெரியுது மொதலாளி" என்றான் சுருளியாண்டி.

அதன் பிறகுதான் தேனிக்கு, டாக்டர் சுந்தர்ராஜிடம் போனார்கள். டாக்டர் ஒல்லியான மனுஷன், சைக்கிளில் போகிறவர். அதனாலேயே பஜாரில் பாதிப் பேர் அவரிடம் போவதில்லை. தன் உடம்பையே தேற்றிக்கொள்ளத் தெரியாதவர் பிறத்தியாரை எப்படித் தேற்றுவார் என்று நினைத்தார்கள்.

"தரையில உக்காருங்க" என்றார் டாக்டர்.

"நாற்காலி இருக்கே, டாக்டரய்யா."

"இருக்கட்டும். உக்காந்து, கைய ஊனாம எந்திரிங்க."

கம்பவுண்டரும் சுருளியாண்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

"இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

"விலை கூடுன மருந்தா இருந்தாலும் சரி."

"மருந்தே இல்லைங்கிறேன். நீங்க நடக்கணும்."

"எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா நடக்கணும்."

தவசிக்கு விளங்கவில்லை. மெட்டுக்கு நடந்திருக்கிறார், சந்தைக்கு நடந்திருக்கிறார். எங்கேயும் இல்லாத இடத்துக்கு நடப்பதை அவர் கேள்விப்பட்டதேயில்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "உங்க வண்டி மாட்டைக் கொட்டத்துலயே ஒரு வருசம் கட்டிப் போட்டா என்னாகும்?"

"காலு பூட்டிக்கிரும்."

"இருதயமும் அந்த மாதிரிதான். அதுவும் சதைதானே? வேலை வாங்குனாத்தான் வேலை செய்யும். தினமும் நடங்க. ஒருநாள் தலைதெறிக்க நடந்துட்டு மறுவாரம் பூரா படுத்துக்கிட்டா ஒரு பிரயோசனமும் இல்ல. மெதுவா ஆரம்பிச்சுக் கூட்டிக்கிட்டே போங்க."

"எம்புட்டு வேகம்?"

"பேசிக்கிட்டே நடக்க முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது. பாட முடிஞ்சா அது நடை இல்ல, ஊர்வலம். பேச்சே வரலைன்னா மூச்சு முட்டப் போறீகன்னு அர்த்தம்."

"தையில மகளுக்குக் கல்யாணம்."

"மணையிலருந்து நீங்களா எந்திரிக்கணுமா, நாலு பேரு தூக்கணுமா? யோசிச்சுக்கங்க. நாலு பேரு தூக்குற சோலி இன்னொண்ணும் இருக்கு. அதுக்கு அவசரப்படாதீக."

தவசி யோசித்துத்தான் பாதையைத் தேர்ந்தெடுத்தார். குச்சனூர் சாலை சமதளம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், நெடுக மருத மரம். மேடு பள்ளம் இல்லை, கல் முள் இல்லை. இத்தனையும் பார்த்தவர், அந்தச் சாலை எங்கே போகிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அது சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிறது. ஏழரைச் சனி பிடித்தவர்கள் எள் விளக்குப் போடுவதற்காகப் போகிற பாதை. வசதியானவர் ஒருவர் அந்தச் சாலையில் கால்நடையாகப் போனால், காரணத்தைச் சோசியரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

போதாக்குறைக்கு, கௌரவத்துக்காக வண்டியையும் பின்னால் வரச் சொல்லியிருந்தார். வண்டியைக் காலியாக ஓட்டினால் மாடு மிரளும் என்று சுருளியாண்டி உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டான். டாக்டர் சொன்ன பேச்சுப் பரீட்சைக்கு, தவசி தமக்குத் தாமே பேசிக்கொண்டு போனார். சம்பா, சிறுமணி, குதிரைவாலி என்று மண்டிச் சரக்கெல்லாம் வரிசையாக வாயில் வரும். பாட்டுப் பரீட்சைதான் சங்கடம். பாட்டென்று அவருக்கு முழுசாகத் தெரிந்தது ஒப்பாரி ஒன்றுதான். சாவு வீடுகளில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனது.

வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கம்மாளும் ராமுத்தாயும் எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

"பாத்தியாடி, வண்டிக்காரன் உக்காந்து வாரான், மொதலாளி நடந்து வாராக."

"நேத்து ஒப்பாரி வச்சுக்கிட்டுப் போனாகளாமே?"

"எங் காதால கேட்டேன் ஆத்தா. எட்டுக் கட்டையில பாடுனாக. பாடிட்டு, 'பாட முடியுதே, இன்னும் பாட முடியுதே'ன்னு வருத்தப்பட்டாக."

"பாட முடியுதேன்னு யாராச்சும் வருத்தப்படுவாகளா?"

"சனி பிடிச்சா எல்லாத்துக்கும் படுவாக. மைல்கல்லுல உக்காந்தாகளா, ஒரு காக்கா வந்து பக்கத்துல உக்காருது. வெரட்டவும் இல்ல. அதுகிட்டயும் என்னமோ பேசுறாக."

காகம் யாருடைய வாகனம் என்பது ராமுத்தாய்க்குத் தெரியும். துணியைப் பிழியாமலே வீட்டுக்கு ஓடினாள். செய்தி அன்று சாயங்காலமே பஸ் ஏறி வடுகபட்டிக்குப் போய்விட்டது. மறு வாரம் அங்கிருந்து அம்மாவாசி வந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று சம்பந்தம் பேசியவன் அவன்.

"ஒண்ணும் இல்லண்ணே. ரெண்டரை வருசம் பொறுத்துக்கலாமான்னு கேக்குறாக."

"அதென்னய்யா ரெண்டரைக் கணக்கு?"

"உங்களுக்குப் பாதச் சனின்னு வடுகபட்டி சோசியரு சொல்லிட்டாரு. சனி காலைப் பிடிச்சிருக்காம். அதனாலதான் நிக்க விடாம நடக்க வைக்குதாம்."

"டாக்டர் சொல்லி நடக்குறேன்யா."

"அதையும் நான் சொல்லிப் பாத்தேன். 'சனி பிடிச்சவனைத்தான டாக்டர் வீட்டுக்கு இழுத்துட்டுப் போகும்'னுட்டாக."

கஸ்தூரியம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுக்களையில் பூமாரி அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். அரைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுநாளே தவசி பாதையை மாற்றினார். உத்தமபாளையம் சாலையில் நடந்தார். அங்கே தாலுகா கச்சேரி இருக்கிறது. "மண்டிக்காரரு மேல வழக்காம்" என்றார்கள். தேனிச் சாலையில் நடந்தார். அங்கே ரயில் இருக்கிறது. "ராத்திரியோட ராத்திரியாக் கிளம்பத் தடம் பாக்குறாரு" என்றார்கள். நெல் போட்டிருந்த சம்சாரிகள் இரண்டு பேர் மண்டிக்கு வந்து, அவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்த பாதை சுடுகாட்டுக்குப் போவது. அதில் நடந்து பார்க்க அவருக்கே துணிவில்லை. சரி, வெளியே போனால்தானே வம்பு என்று, மண்டியின் கிட்டங்கிக்குள் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளைச் சுற்றி வந்தார். நெல் தூற்றுகிற பவுனு முறத்தைக் கீழே போட்டாள்.

"என்ன மொதலாளி, எங்க மேல சந்தேகமா? மடியை வேணா அவுத்து உதறிக் காட்டவா?"

ஊருக்கு நாலு பாதை. நாலுக்கும் ஒவ்வொரு கெட்ட பேர். நோவோடு உட்கார்ந்திருக்கிறவனை ஊர் ஒன்றும் சொல்வதில்லை. நோவு தீர எழுந்து நடந்தவனைத்தான் என்ன நோவு என்று கேட்கிறது. தவசி நடையை விட்டுவிட்டுத் திண்டில் சாய்ந்தார். கொஞ்சம் இறங்கியிருந்த மூச்சிரைப்பு திரும்ப ஏறியது. வண்டியிலிருந்து இறங்கும்போது சுருளியாண்டியின் தோளை முன்னைவிட இறுக்கிப் பிடித்தார்.

கஸ்தூரியம்மாள் கொஞ்ச நாள் பார்த்தாள். ஒரு விடிகாலையில் அடுக்களையிலிருந்து பித்தளைச் செம்பை எடுத்து, தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்தாள்.

"என்னத்துக்கு இது?"

"ஊருக்கு நீங்க நடக்கிறதுல வருத்தமில்லீங்க. எங்க போறீகன்னு தெரியாததுலதான் வருத்தம். செம்போட போற ஆம்பளையை எங்க போறீகன்னு கேட்ட ஆளு இந்த ஊர்ல உண்டா?"

உண்மைதான். விடிகிற நேரத்தில் கையில் செம்போடு ஊருக்கு வெளியே போகிறவன் புதர் மறைவு தேடிப் போகிறான். அவனை எதிரே கண்டவன் முகத்தைத் திருப்பிக்கொள்வதே மரியாதை. கலெக்டரே வந்தாலும் செம்பு வைத்திருப்பவனை நிறுத்த மாட்டார்.

"இம்புட்டு தூரம் எதுக்குன்னு கேட்டா?"

"அதைக் கேக்குற அளவுக்கு வெக்கங்கெட்ட ஆளு கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

தவசி மறுபடியும் குச்சனூர் சாலையில் இறங்கினார். வண்டி கிடையாது, சுருளியாண்டி கிடையாது. செம்பு மட்டும். எதிரே வந்தவர்கள் வயலைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். வாய்க்காலில் பெண்கள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். வாய்விட்டுப் பேசினார், வயிற்று வலியில் முனகுகிறார் என்று விட்டுவிட்டார்கள். முதல் மைல்கல்லில் திரும்பிக்கொண்டிருந்தவர், பிறகு இரண்டாவது வரை போனார். தண்ணீர் கனமாக இருந்தது. ஊர் தாண்டியதும் ஒரு மருத மரத்தின் தூரில் ஊற்றிவிட்டு, வெறும் செம்போடு கை வீசினார். சம்பா, சிறுமணி, குதிரைவாலி. ஒப்பாரியில் முதல் அடி வந்தது, இரண்டாவது அடிக்கு மூச்சு வரவில்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? அவ்வளவு தூரம் போய், அவ்வளவு நேரம் கழித்து வருகிறவருக்கு என்ன வியாதி என்று கண்டுபிடித்துவிட்டது. மலச்சிக்கல். ஆனால் இதில் பழிப்பு ஒன்றுமில்லை. உட்கார்ந்து சாப்பிடுகிற வீடுகளுக்கெல்லாம் பொதுவான நோய் அது. ஒருவகையில் சொத்துக்கு அத்தாட்சி. காப்பிக் கடையில் ஒருவர் கடுக்காய் என்றார், ஒருவர் நிலாவரை என்றார், ஒருவர் விளக்கெண்ணெயை எப்படிக் குடிக்க வேண்டும் என்று குடித்தே காட்டினார்.

வடுகபட்டியில் வேலுச்சாமி அம்மாவாசியை உட்கார வைத்து விசாரித்தார்.

"அப்ப சனி இல்லையா?"

"இல்லண்ணே. வயிறுதான்."

"நல்லாத் தெரியுமா?"

"செம்போட போறதை என் கண்ணால பாத்தேன்."

"அடச் சே, இம்புட்டுதானா? எனக்கு வருசக்கணக்கா இருக்கேய்யா. சொல்லியிருந்தா நானே ஒரு வழி சொல்லியிருப்பேனே."

முகூர்த்த நாளோடு ஒரு டப்பா கடுக்காய்ப் பொடியும் வந்து சேர்ந்தது. கஸ்தூரியம்மாள் டப்பாவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

தையில் கல்யாணம் நடந்தது. தவசி மணையில் உட்கார்ந்தார். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். கஸ்தூரியம்மாள் தண்ணீர் வார்த்தாள். சடங்கு முடிந்தது. சுருளியாண்டியும் உறவுக்காரர் மூன்று பேரும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். தவசி வலது காலை ஊன்றினார். முட்டியில் கை வைக்கவில்லை. ஒரு கணம் முகம் சிவந்தது. எழுந்து நின்றார். பந்தலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் எழுந்து நிற்பதில் சொல்ல என்ன இருக்கிறது? தேனியிலிருந்து வந்திருந்த டாக்டர் மட்டும் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பூமாரி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அன்று பந்தியில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர் வேலுச்சாமி. வேட்டியை இறுக்கியிருந்த அதே நால்வர் அவரைத் தூக்கிவிட்டார்கள். அவர் தவசியை ஓரமாக அழைத்துப் போனார்.

"மச்சான், மறைக்காமச் சொல்லுங்க. இடுப்பு இப்படி இளைச்சிருக்கு, மூச்சு இரைக்கல. என்ன செஞ்சீக?"

"நடந்தேன்."

"அது சரி. என்ன செஞ்சீக?"

"தினமும் நடந்தேன் சம்மந்தி. அம்புட்டுதான்."

"சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க" என்று வேலுச்சாமி வருத்தத்தோடு சிரித்தார். "நானாக் கண்டுபிடிச்சுக்கிறேன்."

அவர் மட்டுமல்ல, பஜாரே கண்டுபிடிக்கக் கிளம்பியது. தவசிக்கு உடம்பு வற்றியது கண்கூடு; காரணம்தான் தெரிய வேண்டும். அது செம்பின் மகிமை என்றது ஒரு கட்சி. அதே வார்ப்பில் செம்பு கேட்டுப் பாத்திரக்கடையில் கூட்டம் சேர்ந்தது. வாய்க்கால் தண்ணீர் என்றது இன்னொரு கட்சி. குடம் குடமாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடித்தார்கள். இரண்டாவது மைல்கல்லில் ஏதோ மூலிகைக் காற்று வீசுகிறது என்றார் ஒருவர். அவர் தண்ணீர் ஊற்றிய மருத மரத்தின் பட்டையை யாரோ உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சோதித்தார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். அதில் விலை கொடுத்து வாங்க ஒன்றும் இல்லாததால், அது வைத்தியமாக அவர்கள் கண்ணில் படவில்லை. பிற்பாடு யுத்தம் வந்து, பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியில் ஓடிப் பாதி வழியில் நின்றபோது, பஜார் முழுவதும் நடந்தது. அப்போது யாரும் யாரையும் சனி பிடித்தவன் என்று சொல்லவில்லை; எல்லோரும் வெள்ளைக்காரனைத்தான் சொன்னார்கள்.

கல்யாணமான வருஷம் ஆடிக்குப் பூமாரி தாய்வீட்டுக்கு வந்தபோது கூடவே வேலுச்சாமியும் வந்தார். சிகிச்சைக்கு ஒரு மாதம் தங்கப் போவதாகச் சொன்னார். மைல்கல்லும் வாய்க்காலும் இங்கேதானே இருக்கின்றன. புதுச் செம்பும் வாங்கியிருந்தார், தவசியுடையதைவிடப் பெரிதாக. சம்பந்தியை நடக்க விடுவது முறையில்லை. வில்வண்டியை அவருக்கு ஒதுக்கினார்கள். தினம் விடிகாலையில் சுருளியாண்டி வண்டி பூட்டுவான். வேலுச்சாமி மடியில் செம்பை வைத்துக்கொண்டு இரண்டாவது மைல்கல் வரை போவார். அங்கே வண்டியை நிறுத்தி, காற்று நன்றாகப் படும்படி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவார்.

ஆடி முடியப் போகிற ஒரு நாள், தவசி வெறும் செம்பை வீசிக்கொண்டு மைல்கல்லை எட்டியபோது, வண்டி அங்கே நின்றிருந்தது. வேலுச்சாமி தலையை வெளியே நீட்டினார். அவர் முகம் வாடியிருந்தது.

"மாசம் ஆச்சு மச்சான், ஒண்ணும் தெரியலையே."

தவசி நிற்கவில்லை. சுருளியாண்டியைப் பார்த்தார். அவன் மாடுகளைப் பார்த்தான். இரண்டும் தொடை இறுகி, திமில் நிமிர்ந்து, இன்னும் போகலாமே என்பதுபோல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தன.

"மாட்டுக்குத் தெரியுது சம்மந்தி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதைச் சொல்ல மூச்சு இருந்தது. பாடிப் பார்த்தார், வரவில்லை. வேகம் சரிதான்.